வழுக்கி விழும் முதல் வாக்கியம்

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களின் கழிவறைகளைப் போல வழுக்குகிற தரை வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. வழிப்பறி செய்தவர், பட்டாக்கத்தியோடு வீடியோ போட்டவர், கஞ்சா விற்றவர், யாராக இருந்தாலும் பிடிபட்ட மறுநாளே அங்கே விழுகிறார். விழுகிறவருக்குப் பின்மண்டையில் அடிபடுவதில்லை, இடுப்பு பிசகுவதில்லை. கணக்காகக் கைதான் முறிகிறது. மாவுக்கட்டோடு கும்பிடுகிற புகைப்படம் வருகிறது. கூடவே செய்தியும் வருகிறது. நாம் சிரிக்கிறோம், மீம் போடுகிறோம், அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

சிரித்தது போதும், அந்தச் செய்தியின் முதல் வாக்கியத்தைப் பாருங்கள். இந்த வகையறாவை வருடக்கணக்காக வாசித்த பழக்கத்தில் நானே ஒன்றைச் செய்து காட்டுகிறேன்: "நிதி நிறுவன ஊழியரை வழிமறித்துப் பணம் பறித்த வழக்கில் கைது செய்யப்பட்ட வாலிபர், போலீசாரிடமிருந்து தப்பிக்க முயன்றபோது கழிவறையில் வழுக்கி விழுந்ததில் அவருக்குக் கை முறிவு ஏற்பட்டது."

இதை எழுதிய செய்தியாளர் அந்தக் கழிவறையில் இருந்தாரா? இல்லை. தப்பிக்க முயன்றதைப் பார்த்தாரா? இல்லை. நிலையத்திலிருந்து யாரோ போனில் சொன்னார்கள், அல்லது வாட்ஸப்பில் ஒரு குறிப்பு வந்தது. சொன்னவர் யார் என்பது வாக்கியத்தில் இல்லை. "பணம் பறித்த" என்ற ஒரு பெயரெச்சம் நீதிமன்றம் கூடுவதற்கு முன்னாலேயே வாலிபரைக் குற்றவாளியாக்கிவிட்டது. "ஏற்பட்டது" என்ற ஒரு வினைமுற்று போலீசை விடுதலை செய்துவிட்டது. ஒரே வாக்கியம், இரண்டு தீர்ப்புகள்!

செய்தியின் முதல் வாக்கியத்தை எப்படி எழுத வேண்டும் என்று இங்கே சொல்லித்தருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றையே சொல்கிறார்கள். வாசகனைச் சுண்டி இழுக்க வேண்டும், தூண்டிலாக இருக்க வேண்டும். இதழியல் மாணவர்களுக்கான பயிலரங்கிலும் இதுதான், யூடியூப் சேனல் நடத்துவது எப்படி என்று சொல்கிற தம்பியிடமும் இதுதான். நான் இதை அடியோடு மறுக்கிறேன். தூண்டில் மீனுக்காகப் போடப்படுவதில்லை, மீன் பிடிக்கிறவருக்காகப் போடப்படுவது. செய்தியின் முதல் வாக்கியத்துக்கு மூன்று கடமைகள்தான் உண்டு: யார் செய்தார், யார் சொல்கிறார், நடந்ததா இல்லையா. இந்த மூன்றையும் சொல்லிவிட்டு நேரம் மிச்சம் இருந்தால் சுண்டி இழுக்கலாம். தமிழில் பெரும்பாலான முதல் வாக்கியங்கள் தவறவிடுவது இந்த மூன்றையும்தான். இதில் செய்தியாளரின் சோம்பலுக்கும் அவருடைய பயத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் நம் வாக்கிய அமைப்புக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து உடனே வினை வந்துவிடும். போலீஸ் சுட்டது, ஆற்றங்கரையில், நேற்று மாலை, இன்ன காரணத்துக்காக என்று போகும். எந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தினாலும் முக்கியமானது கைக்கு வந்திருக்கும். தலைகீழ் பிரமிட் என்று இதழியல் வகுப்பில் சொல்லப்படும் அமைப்பு இந்த வாக்கியத்தின் பெரிய வடிவம்தான். தந்தி வந்த பிறகு, வார்த்தைக்குக் காசு, கம்பி எப்போது அறுந்துபோகும் என்று தெரியாது, அதனால் முக்கியமானதை முதலில் அனுப்பு என்ற பழக்கம் உருவானதாகச் சொல்வார்கள். அதை மறுக்கிற வரலாற்றாசிரியர்களும் உண்டு. எப்படியோ, 1865 ஏப்ரல் 14 இரவு லிங்கன் சுடப்பட்டபோது அசோசியேட்டட் பிரஸ்ஸின் லாரன்ஸ் கோப்ரைட் முதலில் அனுப்பியது ஒரே ஒரு குட்டி வாக்கியம்: அதிபர் இன்றிரவு நாடக அரங்கில் சுடப்பட்டார், காயம் உயிரைப் பறிக்கக்கூடியதாக இருக்கலாம். அவ்வளவுதான். சுட்டவன் யார் என்று அவருக்கு அப்போது தெரியாது, அதனால் சொல்லவில்லை. தெரியாததால் விடுவதும் தெரிந்தே விடுவதும் ஒன்றல்ல.

தமிழில் வினை கடைசியில் வரும். இல்லை, அல்ல, கிடையாது என்ற மறுப்பும் கடைசியில்தான். "என்று இன்னார் கூறினார்" என்ற ஆதாரமும் கடைசியில்தான். அதாவது செய்திக்கு உயிரான மூன்றும் வாக்கியத்தின் வாலில் தொங்குகின்றன. இது மொழியின் குறை அல்ல. வாக்கியம் சின்னதாக இருக்கிற வரை ஒரு பிரச்சினையும் கிடையாது. "நாய் கடிச்சிருச்சு" என்பதில் எது முதலில் வந்தால் என்ன? ஆனால் யார், எங்கே, எப்போது, என்ன, ஏன் எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடைக்கும் ஆங்கில மாதிரியை எடுத்துத் தமிழ் வாக்கியத்தில் திணித்தால், எச்சத்துக்கு மேல் எச்சமாக ரயில் பெட்டிகள் நீண்டு, என்ஜின் கடைசியில் வருகிறது.

இது நேற்று வந்த நோயும் அல்ல. 1882இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய சுதேசமித்திரன் 1899இல் நாளிதழானது. 1904இல் அங்கே உதவி ஆசிரியராகச் சேர்ந்த பாரதிக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் ஆங்கிலத்தில் வந்த செய்திகளை மொழிபெயர்ப்பது. தமிழ் நாளிதழ் என்பதே மொழிபெயர்ப்பு மேசையில் பிறந்த குழந்தை. இந்தக் குழந்தையை அந்த மேசையிலிருந்து கீழே இறக்கிவிட முயன்றவர் சி.பா. ஆதித்தனார். 1942இல் மதுரையில் அவர் தொடங்கிய பத்திரிகையின் பெயரிலேயே தந்தி இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும், டீக்கடையில் ஒருவர் படிக்க நாலு பேர் கேட்கிற கூட்டத்துக்கும் எழுதச் சொன்னார். "இவர் கட்டிடத் தொழிலாளி. இவருக்கு இரண்டு மகள்கள். சம்பவத்தன்று இரவு..." என்று போகிற அந்த நடையை நாம் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறோம்! அடைப்புக்குறிக்குள் வயது போடுவதைக்கூட விட்டுவைக்கவில்லை. எனக்கு இப்போது அந்த நடைமேல் மரியாதை வந்துவிட்டது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு தகவல், ஒரு வினை. வாசிக்கிறவர் மூச்சு முட்டிச் சாவதில்லை. அதன் குறை வேறு, அதுவும் போலீஸ் சொன்னதை அப்படியே எழுதும். ஆனால் அந்த நடையில் "போலீசார் கூறினார்கள்" என்று தனியாக ஒரு வாக்கியம் எழுத இடமாவது இருந்தது. அதைப் பார்த்து முகம் சுளித்த 'தரமான' பத்திரிகைகள்தான் நாற்பது வார்த்தை வாக்கியத்துக்கு நம்மைப் பழக்கின.

சில வருடங்கள் நான் ஒரு செய்திச் செயலியில் நோட்டிஃபிகேஷன் அனுப்பும் பிரிவில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். போன் பூட்டியிருக்கும்போது திரையில் தெரிவது இரண்டு வரி, சில போன்களில் ஒன்றரை வரிதான். அதற்கு மேல் மூன்று புள்ளி. தமிழ் எழுத்து அகலமானது, ஆங்கிலத்தைவிட முன்னாலேயே வெட்டுப்படும். இப்போது இதை யோசியுங்கள். நவம்பர் மாதம், சென்னையில் மழை. "பள்ளிகளுக்கு நாளை விடுமுறை என்று சமூக வலைதளங்களில் பரவும் தகவல் உண்மையல்ல" என்று ஆசிரியர் குழு அனுப்புகிறது. திரையில் தெரிவது: "பள்ளிகளுக்கு நாளை விடுமுறை என்று சமூக..." வதந்தியை மறுக்க அனுப்பிய செய்தியே வதந்தியை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஒரு நாள் பள்ளிக்கூடம் போகாததால் யாரும் கெட்டுவிடப் போவதில்லை. ஆனால் அதே வாக்கிய அமைப்பில் "வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக..." என்று வெட்டுப்பட்டால்? "குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் புகுந்திருப்பதாக..." என்று வெட்டுப்பட்டால்? 2018இல் குழந்தை கடத்த வந்தவர்கள் என்று சந்தேகித்து இந்தியா முழுக்க அப்பாவிகளை அடித்தே கொன்றார்கள். தமிழ்நாட்டிலும் நடந்தது. கோயிலுக்குப் போன ஒரு குடும்பத்தின் மூதாட்டி ஒருவர் திருவண்ணாமலை மாவட்டத்தில் அப்படித்தான் செத்தார். அந்தக் கும்பல்களின் கையில் இருந்ததும் ஒரு போன்தான்.

மறுப்புச் செய்திகளில் 'பொய்' என்ற வார்த்தையை முதலில் போடச் சொல்லலாம் என்றேன். "பொய்: நாளை பள்ளி விடுமுறை என்ற தகவல்." இரண்டு எழுத்து வேலை. ப்ராடக்ட் மேனேஜர் சிரித்தார். "முழுசா தெரிஞ்சுட்டா எதுக்கு பாஸ் தட்டுவாங்க?" என்றார். தட்டல்களின் எண்ணிக்கைதான் அவருடைய மதிப்பெண் பட்டியல். அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஆசிரியர் குழுவிலும் இதே பதில்தான் கிடைத்தது, கொஞ்சம் இலக்கணச் சுத்தமான தமிழில்.

வினை கடைசியில்தான் வர முடியும், தமிழ் அப்படித்தான், என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு அனுமனைக் காட்டலாம். பட்டிமன்றத்தில் தேய்த்துத் தேய்த்துப் பித்தளையாகிப்போன உதாரணம், மன்னிக்கவும். கம்பனின் அனுமன் இலங்கையிலிருந்து திரும்பி வந்து ராமனிடம் சொல்லும் முதல் சொல்லே, பார்த்துவிட்டேன் என்ற பொருளுள்ள வினைமுற்றுதான். சீதையைக் குறிக்கும் சொல் பிறகுதான் வருகிறது. சீதை என்று தொடங்கினால் 'ஐயோ, சீதைக்கு என்ன?' என்று அந்த அரை நொடியில் கேட்கிறவனின் நெஞ்சு நின்றுபோகும். இதைச் சொல்லின் செல்வனின் சாமர்த்தியம் என்று மேடையில் கைதட்டுகிறோம். ஆனால் இது நம் எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். நள்ளிரவில் ஊரிலிருந்து போன் வந்தால் யாராவது "நமது பாட்டனார் நேற்றிரவு பதினோரு மணியளவில் மாரடைப்பால்" என்று தொடங்குகிறார்களா? "போயிட்டார்ரா தாத்தா" என்கிறார்கள். அவசரத்தில் பேச்சுத்தமிழ் வினையை முன்னால் தூக்கிப் போட்டுவிடும். "வந்துருச்சு தண்ணி லாரி!" "பிடிச்சுட்டாங்க அவனை." இந்த வசதி எழுத்துத்தமிழில் மட்டும் இல்லையா? நாம்தான் அதைப் பூட்டி வைத்திருக்கிறோம்.

யார் செய்தார் என்பதற்கு வருவோம். 2018 மே 22. ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி மக்கள் போனார்கள். போலீஸ் சுட்டது. 13 பேர் இறந்தார்கள். இப்போது நான் எழுதியதில் ஏதாவது கடினமான தமிழ் இருக்கிறதா? "போலீஸ் சுட்டது" என்பது இரண்டு வார்த்தை. ஆனால் நம் நாக்கில் ஊறிப்போனது "துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலி" என்பது. பள்ளியில் வேற்றுமை படித்தவர்களுக்குத் தெரியும், 'இல்' ஏழாம் வேற்றுமை உருபு, இடப்பொருளில் வருவது. வீட்டில், காட்டில், சூட்டில். சுடுவது என்ற செயல் இங்கே ஓர் இடமாகிவிட்டது, அந்த இடத்துக்கு 13 பேர் தாங்களாகவே போய்ச் செத்த மாதிரி. சுட்டவர் இலக்கணப்படி எங்குமே இல்லை, தோன்றா எழுவாயாகக்கூட இல்லை. அடுத்து அந்தச் சொல், பலி. பலி என்றால் கொடுப்பவர் ஒருவர் வேண்டும், வாங்கிக்கொள்ளும் தெய்வம் ஒன்று வேண்டும். லாரி மோதினாலும் பலி, கொசு கடித்தாலும் பலி, அரசு சுட்டாலும் பலி. தலைப்பில் இரண்டெழுத்து மிச்சம் என்பதற்காக, செத்தவர்களையெல்லாம் ஏதோ ஒரு தெய்வத்துக்குப் படைத்துக்கொண்டிருக்கிறோம். "வன்முறை வெடித்தது" என்பதும் இதே சாதிதான். வன்முறை என்ன தீபாவளிச் சரமா, தானே வெடிக்க?

அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. காவல்துறை அத்துமீறியது என்று அது சொன்னது. நான்கு வருடம் கழித்து ஓர் ஆணையம் வந்துதான் அந்த வாக்கியத்துக்கு எழுவாய் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அறிக்கையின் முடிவுகளை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யார் சுட்டது என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரியும். சரியா தவறா, யார் உத்தரவு என்பதற்குத்தான் ஆணையம்.

இங்கே என் துறை நண்பர்கள் ஓர் ஆட்சேபம் சொல்வார்கள். நியாயமான ஆட்சேபம், அதனால் அதற்குக் கொஞ்சம் இடம் கொடுக்கிறேன். மென்பொருளில் ஏதாவது பெரிதாக உடைந்தால் நாங்கள் ஓர் அறிக்கை எழுதுவோம். போஸ்ட்மார்ட்டம் என்றே அதற்குப் பெயர். அதன் முதல் வரி: எத்தனை பயனர்களுக்கு, எவ்வளவு நேரம், எது வேலை செய்யவில்லை. அதில் யார் பெயரும் வரக்கூடாது. 'ரமேஷ் தவறான கட்டளையை இயக்கினான்' என்று எழுத மாட்டோம், 'தவறான கட்டளை இயக்கப்பட்டது, அதைத் தடுக்கும் சரிபார்ப்பு இல்லை' என்று எழுதுவோம். பழி சுமத்தாத அறிக்கை என்பது எங்கள் துறை பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பண்பாடு. பெயர் போட்டால் அடுத்த தடவை யாரும் உண்மை பேச மாட்டார்கள் என்பது காரணம். அப்படியானால் செயப்பாட்டு வினை அங்கே அறம், இங்கே அயோக்கியத்தனமா?

ஆமாம், அப்படித்தான். எங்களிடம் கிட் பிளேம் இருக்கிறது. ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டது யார், எந்தத் தேதியில் என்று ஒரு கட்டளையில் காட்டிவிடும். சர்வர் லாக் இருக்கிறது. பெயர் எங்கோ பத்திரமாகப் பதிவாகியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம் என்ற தைரியத்தில்தான் அறிக்கையில் அதை விடுகிறோம். அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் அது ரமேஷ் என்று தெரியும், ரமேஷுக்கும் தெரியும். ரமேஷின் கையில் துப்பாக்கியும் இல்லை. காவல் நிலையத்தில் முறிந்த கைக்கு லாக் எங்கே இருக்கிறது? கண்காணிப்புக் கேமரா வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் உத்தரவு போட்டது. வேண்டிய நேரத்தில் அது பழுதாகிவிடுவதும், பதிவு அழிந்துவிடுவதும் நாம் பலமுறை கேட்ட கதை. அங்கே செய்தியின் முதல் வாக்கியம்தான் லாக். அதிலும் பெயரை விட்டுவிட்டால் அப்புறம் தேடிப் பார்க்க ஒன்றுமே கிடையாது.

நாளிதழ் ஒன்றில் துணை ஆசிரியராக இருக்கும் நண்பனிடம் இதைச் சொன்னேன். "மச்சி, நீ சொல்றது எல்லாம் சரி. 'போலீஸ் கையை ஒடிச்சுது'ன்னு நான் எழுதினா காலைல வக்கீல் நோட்டீஸ் வரும், எங்க நிருபருக்கு அந்த ஸ்டேஷன்ல அப்புறம் ஒரு செய்தியும் வராது" என்றான். உண்மைதான், நிருபரின் பிழைப்பு அந்த ஆய்வாளரின் போனில் இருக்கிறது. ஆனால் அப்படி எழுதச் சொல்லி நான் கேட்கவே இல்லையே. இப்படி எழுதலாம்: "போலீஸ் காவலில் இருந்த வாலிபரின் கை முறிந்தது. கழிவறையில் வழுக்கி விழுந்ததாகப் போலீஸ் சொல்கிறது. அவரிடம் பேச எங்களுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை." மூன்று வாக்கியம். ஒன்றில்கூட அவதூறு இல்லை, பொய்யும் இல்லை. கை முறிந்தது உண்மை, காவலில் இருந்தது உண்மை, போலீஸ் அப்படிச் சொன்னது உண்மை. எதற்கு நோட்டீஸ் அனுப்புவார்கள்? நண்பன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூணாவது வாக்கியத்தை எடிட்டர் வெட்டிருவாரு" என்றான். வெட்டட்டும். முதல் இரண்டு நின்றால்கூடப் போதும்.

இலக்கியப் பக்கம் இருந்து வருகிறவர்கள் வேறொரு பாவம் செய்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். வார இதழ்க் கட்டுரைகளிலும் இணையத்தின் நெடுங்கட்டுரைகளிலும் ஒரு சாவைச் சொல்ல மாலை வெயிலில் தொடங்குவார்கள். வேப்பமரம் இருக்கும், கட்டிலில் ஒரு கிழவி இருப்பாள், சுவரில் மாலை போட்ட படம் ஆடும். ஐந்தாவது பத்தியில்தான் பையனைக் கொன்றது யார் என்பது வரும். கேட்டால் ஜிம்மி பிரெஸ்லின் பெயரைச் சொல்வார்கள். கென்னடி இறுதிச் சடங்கின்போது எல்லோரும் தலைவர்களைத் துரத்த, அவர் குழி தோண்டியவரைத் தேடிப் போய் எழுதினார், மணிக்கு 3.01 டாலர் கூலி என்பது உட்பட. அற்புதமான கட்டுரை. ஆனால் கென்னடி சுடப்பட்டது உலகுக்கே தெரிந்த பிறகு எழுதப்பட்டது அது. திருநெல்வேலிப் பக்கம் சாதி மாறிக் காதலித்த பையன் வெட்டப்பட்டது உங்கள் கட்டுரை மூலமாகத்தான் ஒருவருக்குத் தெரிய வருகிறது என்றால், வேப்பமரத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

சுண்டி இழுப்பதை எதிர்க்கிறேன் என்பதால் சப்பென்று எழுதச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நோரா எஃப்ரான் தன் பள்ளி ஆசிரியரைப் பற்றிச் சொன்ன சம்பவம் இதழியல் வகுப்புகளில் பிரபலம். ஆசிரியர் தகவல்களைக் கொடுக்கிறார்: வியாழக்கிழமை பள்ளியின் ஆசிரியர்கள் எல்லோரும் சாக்ரமென்டோவில் ஒரு கருத்தரங்குக்குப் போகிறார்கள், மார்கரெட் மீட் பேசுகிறார், இன்னும் சிலர் பேசுகிறார்கள். இதற்கு முதல் வாக்கியம் எழுதுங்கள். மாணவர்கள் மார்கரெட் மீடையும் கருத்தரங்கையும் முன்னால் போட்டு எழுதினார்கள். எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு ஆசிரியர் சொன்னார், வியாழக்கிழமை பள்ளி கிடையாது என்பதுதான் செய்தி. தமிழில் மூன்றே வார்த்தை. மறுப்பு கடைசியில்தான் வருகிறது, ஆனாலும் எந்தப் போனும் அதை வெட்டாது. இதே செய்தி நம் மேசைக்கு வந்திருந்தால் முதல் வாக்கியத்தில் கருத்தரங்கைத் தொடங்கி வைத்த அமைச்சர் இருப்பார், அவருக்குப் பொன்னாடை போர்த்தியவரும் இருப்பார்.

இதெல்லாம் இனிமேல் இன்னும் மோசமாகப் போகிறது. செய்தியைச் சுருக்கித் தரும் நிரல்களில் மிகப் பழைய, மிக எளிய உத்தி ஒன்று உண்டு. முதல் மூன்று வாக்கியங்களை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுவது. 2017 வாக்கில்கூட, ஆங்கிலச் செய்திகளில் அதைவிட நன்றாகச் சுருக்குவதற்கு நரம்பு வலைப்பின்னல் மாதிரிகள் திணறின. அந்த நிரல்களை எழுதியவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்ல. ஆங்கிலச் செய்தியின் முதல் மூன்று வாக்கியங்கள் அவ்வளவு பொறுப்பாக எழுதப்பட்டிருந்தன. இப்போது தமிழ்ச் செய்திகளையும் இயந்திரங்கள் வாசிக்கின்றன, சுருக்குகின்றன, கேட்டால் பதில் சொல்கின்றன. அவை முதலில் எடுப்பது நம் முதல் வாக்கியத்தைத்தான். கழிவறையில் வழுக்கி விழுந்தார் என்று ஐந்நூறு செய்திகள் ஒரே குரலில் சொன்னால், சொன்னது யார் என்று அதில் எங்கும் இல்லையென்றால், பத்து வருடம் கழித்து ஒரு மாணவி தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களைப் பற்றிக் கேட்கும்போது அந்த இயந்திரம் தரை ஈரமாக இருந்தது என்றுதான் பதில் சொல்லும்.